தேசியப் போட்டியைப் புத்தாண்டு வாரத்துக்குக் கொண்டுவாருங்கள்: கர்லிங் கனடாவுக்கு ஒரு திறந்த மடல்

கர்லிங் கனடா அமைப்பின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பனித்தளத்தில் கனமான கல்லைச் சறுக்கி வட்டத்துக்குள் நிறுத்தும் ஆட்டம் கர்லிங். அதை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஜோடியாக ஆடும் தேசியக் கலப்பு இரட்டையர் போட்டி நடக்கும் தேதியை மாற்றுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். இதன் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வரும். ரொறன்ரோவிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழர்களும் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்ற ஆசையில் தமிழிலும் எழுதிப் பொதுவில் வைக்கிறேன்.

கடந்த சில ஆண்டுகளின் நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். 2019இல் தேசியப் போட்டி பிரெடரிக்டனில் நடந்தபோது நான்கு பேர் அணிகள் ஆடும் மகளிர் உலகச் சாம்பியன்ஷிப் டென்மார்க்கில் நடந்துகொண்டிருந்தது. 2023இல் சட்பரியில் நம் போட்டி, அதே நாட்களில் சுவீடனில் மகளிர் உலகச் சாம்பியன்ஷிப். 2024இல் நம் ஜோடிகள் மறுபடியும் பிரெடரிக்டனில் கூடிய வாரத்தில், மகளிர் உலகச் சாம்பியன்ஷிப் பக்கத்து மாகாணமான நோவா ஸ்கோஷியாவின் சிட்னியில் நடந்தது. 2025இல் சம்மர்சைடுக்கும் தென்கொரியாவின் உய்ஜோங்புவுக்கும் அதே கதை. மார்ச்சின் பின்பாதியில் தேசியப் போட்டியை வைத்தால் கனடாவுக்காக அங்கே ஆடப் போகும் நாட்டின் மகளிர் சாம்பியன் அணியில் ஒருவர்கூட அதில் ஆட முடியாது. இது எப்போதோ நேர்ந்த தற்செயல் அல்ல, ஆண்டுதோறும் முன்கூட்டியே தெரிந்த முடிவு.

இதன் விலை என்ன என்பதை ஒரே பருவத்தில் பார்த்தோம். 2025 ஜனவரித் தொடக்கத்தில் நோவா ஸ்கோஷியாவின் லிவர்பூலில் கலப்பு இரட்டையருக்கான ஒலிம்பிக் தேர்வுப் போட்டி நடந்தது. மகளிர் சாம்பியன் அணியின் தலைவி ரேச்சல் ஹோமனும் அவருடைய ஜோடி பிரெண்டன் பாட்சரும் இறுதி ஆட்டம் வரை வந்து, ஜோஸ்லின் பீட்டர்மன், பிரெட் கலன்ட் ஜோடியிடம் தோற்றார்கள். மார்ச்சில் சம்மர்சைடில் தேசியப் போட்டி நடந்தபோது ஹோமன் கொரியாவில் கனடாவுக்காக உலகப் பட்டத்தைக் காத்துக்கொண்டிருந்தார். நாட்டின் இரண்டாவது சிறந்த ஜோடி என்று ஜனவரியில் பனித்தளத்தில் காட்டியவர்களால் மார்ச்சில் களத்துக்கே வர முடியவில்லை.

எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. 2021இல் பெருந்தொற்றால் மகளிர் உலகச் சாம்பியன்ஷிப் ஏப்ரல் இறுதிக்குத் தள்ளிப்போனது. கல்கரியில் நடந்த தேசியப் போட்டிக்கு அப்போதைய மகளிர் சாம்பியன் கெரி ஐனர்சன் வர முடிந்தது. பிராட் குஷூவுடன் சேர்ந்து அவரே வென்றார். இறுதி ஆட்டத்தில் அவர்களிடம் தோற்றவர்கள் மனிடோபாவின் கேட்ரியானா சஹைடாக், கோல்டன் லாட் ஜோடி. பின்னர் கணவன் மனைவியாகி, 2024இல் அவர்களே தேசியப் பட்டத்தை வென்றார்கள். கலப்பு இரட்டையரையே தங்கள் முதல் ஆட்டமாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் அவர்கள். நான்கு பேர் அணி நட்சத்திரங்கள் எல்லோரும் வந்துவிட்டால் இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு இடம் போய்விடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். எனக்கு அந்த அச்சம் இல்லை. எல்லோரும் களத்தில் இருக்கும்போது வெல்லும் தகுதி லாட் தம்பதிக்கு உண்டு. அதைக் காட்டும் வாய்ப்பைத்தான் இன்றைய தேதி அவர்களிடமிருந்து பறிக்கிறது.

கலப்பு இரட்டையரை நான்கு பேர் ஆட்டத்தின் குறுக்கப்பட்ட வடிவமாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. தேதியைப் பருவத்தின் வாலில் செருகுவதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆடிப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். எட்டுச் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணிக்கு ஐந்து கற்கள். முன்கூட்டியே வைக்கப்பட்ட ஒரு கல் வேறு. நான்காவது கல் வீசப்படும் வரை எந்தக் கல்லையும் ஆட்டத்திலிருந்து வெளியேற்றக் கூடாது. அதனால் வட்டத்துக்குள்ளும் அதன் முன்னாலும் கற்கள் குவிந்துகொண்டே போகும். ஒரே சுற்றில் மூன்று நான்கு புள்ளிகள் விழும். நான்கு பேர் ஆட்டத்தில் பாதுகாப்பான முன்னிலை என்று நிம்மதியாக இருக்கக்கூடிய இடத்தில் இங்கே நெஞ்சு படபடக்கும்.

எங்கள் கிளப்பில் என் ஜோடி என் அக்கா மகள். சுமார் இருபது கிலோ எடையுள்ள அந்தக் கல்லைச் சறுக்கியபடி விடுவிப்பாள். மறு நொடி பனியிலிருந்து முழங்காலைப் பிடுங்கி எழுந்து, தன் கல்லின் பின்னாலேயே ஓடித் துடைப்பத்தால் தேய்க்கத் தொடங்குவாள். கல்லின் வேகம் அவளுக்குத்தான் தெரியும். அது எந்தக் கோட்டில் வருகிறது என்பது எதிர்முனையில் நிற்கும் எனக்குத்தான் தெரியும். அவள் பாதித் தூரத்தைத் தாண்டும்போது நான் ஒரு சொல் கத்துகிறேன். அழுத்துவதா, துடைப்பத்தைத் தூக்குவதா என்பதை அந்த ஒரு சொல்லை வைத்து அவள் முடிவு செய்ய வேண்டும். எங்கள் மட்டத்திலேயே அந்தப் புரிதல் கைகூட நீண்ட காலம் பிடித்தது.

அந்தப் புரிதலுக்கு நம் ஜோடிகளுக்குப் போதிய காலம் கிடைப்பதில்லை என்பதைத்தான் உலகப் போட்டியில் நம் கணக்கு சொல்கிறது. 2008இல் தொடங்கிய கலப்பு இரட்டையர் உலகப் போட்டியை 2025 வரை கனடா ஒருமுறைகூட வென்றதில்லை. 2017லும் 2019லும் வெள்ளி வரை போய்த் திரும்பினோம். கர்லிங் ஆடுபவர்கள் மிகக் குறைவான ஹங்கேரி 2013லும் 2015லும் வென்றது. சுவிட்சர்லாந்து திரும்பத் திரும்ப வென்றது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இத்தாலியின் கான்ஸ்டன்டினி, மோசனர் ஜோடி 2025இல் நம் பிரெடரிக்டனுக்கே வந்து உலகப் பட்டத்தையும் எடுத்துச் சென்றது.

உடனே 2018 பியோங்சாங் ஒலிம்பிக் தங்கத்தைச் சுட்டிக்காட்டுவார்கள். ஜான் மாரிஸின் ஜோடியாக இருந்த ஹோமன், தன் நான்கு பேர் அணி ஒலிம்பிக் தேர்வில் வென்றதால் அந்த அணிக்குப் போனார், மாரிஸ் ஜோடியை இழந்தார், கடைசி நேரத்தில் கெய்ட்லின் லாஸுடன் சேர்ந்தார், தங்கமும் வந்தது. ஆக, ஒத்திகை தேவையில்லை என்கிறார்கள். ஆனால் அவர்கள் இருவருமே அதற்கு முன்பே ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்தவர்கள்: மாரிஸ் 2010இல், லாஸ் 2014இல். அப்படிப்பட்ட இருவர் கிடைப்பார்கள் என்று நம்பி ஒரு நாடு திட்டம் போட முடியாது. 2022 பெய்ஜிங்கில் ஹோமனும் மாரிஸும் அரையிறுதிக்கே போகவில்லை.

இப்போது தேசியப் போட்டி மார்ச் இறுதி வாரங்களில் முடிகிறது. உலகப் போட்டி ஏப்ரல் பிற்பாதியில் வருகிறது. வென்ற ஜோடிக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மாதம். அதையே புத்தாண்டு வாரத்தில் நடத்தினால் மூன்று மாதங்களுக்கு மேல் கிடைக்கும். இது புதிய யோசனையும் அல்ல. 2018இல் போர்ட்டேஜ் லா பிரெய்ரியிலும் 2025இல் லிவர்பூலிலும் ஒலிம்பிக் தேர்வுப் போட்டிகளை நீங்களே அந்த வாரத்தில்தான் நடத்தினீர்கள். ஒலிம்பிக்குக்குப் பொருந்திய வாரம் மற்ற ஆண்டுகளுக்கும் பொருந்தும்.

சிக்கல்கள் உண்டு, மறைக்கவில்லை. மாகாணத் தகுதிப் போட்டிகளை இலையுதிர் காலத்திலேயே முடிக்க வேண்டியிருக்கும். பனித்தளத்தைப் பராமரிக்கவும் ஆட்டங்களை நடத்தவும் வரும் தன்னார்வலர்களிடம் விடுமுறையை விட்டுக்கொடுங்கள் என்று கேட்க வேண்டியிருக்கும். அது சிறிய வேண்டுகோள் அல்ல. ஆனால் அதே விடுமுறையில்தான் பள்ளிப் பிள்ளைகள் பார்வையாளர் வரிசையில் வந்து உட்கார முடியும். அலுவலகம் போய்க்கொண்டே ஆடும் கிளப் ஜோடிகளும் சம்பளத்தை இழக்காமல் தேசியப் போட்டிக்கு வர முடியும்.

இன்னொரு வேண்டுகோளும் இதோடு சேர்ந்ததே. 2025இல் லிவர்பூலில் வென்ற ஜோடியே உலகப் போட்டிக்கும் போனது; சம்மர்சைடில் ஆடியவர்கள் தேசியப் பட்டத்துக்காக மட்டும் ஆடினார்கள். ஒலிம்பிக் தேர்வு வரும் பருவத்தில் இரண்டையும் ஒரே போட்டியாக்குங்கள். மற்ற ஆண்டுகளில் தேசியப் பட்டம் வெல்லும் ஜோடியே உலகப் போட்டிக்குப் போகும் என்பதை எழுத்து விதியாக்கி, பருவம் தொடங்குமுன் அறிவியுங்கள்.

அடுத்த பருவத்துக்கான நாள்காட்டியை நீங்கள் இறுதி செய்யும் முன் இந்த இரண்டையும் உங்கள் கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டும், முடிவு எதுவானாலும் அதற்கான காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரொறன்ரோவிலிருந்து ஒரு கிளப் ஆட்டக்காரர்