வாய்க்கால் மண்ணை எங்கள் வேலியோரத்திலிருந்து எடுத்துவிடுங்கள்

எங்கள் வாய்க்காலைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் தூர்வாரினீர்கள், நல்ல காரியம், தாமிரபரணித் தண்ணீர் கடைமடை வரை போனது. ஆனால் ஜேசிபி அள்ளிய மண்ணை எங்கள் தெரு வீடுகளின் பின்பக்க வேலியோரம் குவித்துவிட்டுப் போனது உங்களுக்கே தெரியும். அந்த மண்ணை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அதில் கோரைக்கிழங்கும் பார்த்தீனிய விதையும் கலந்து கிடந்தன. இடையில் பெய்த ஒரு மழைக்கே எல்லாம் கரைந்து தோட்டத்துக்குள் இறங்கிவிட்டன. வயல் என்றால் உழுது, தொளி கலக்கி, தண்ணீர் கட்டிச் சமாளிக்கலாம். எங்களுடையது ஆச்சி காலத்துப் பிச்சியும் மல்லியும் செம்பருத்தியும் வேரோடி நிற்கிற தோட்டம், அங்கே ஏர் வைக்க முடியுமா? மம்பட்டி போட்டால் பிச்சி வேர் அறுகிறது, மருந்து அடித்தால் கோரையோடு பூச்செடியும் கருகிவிடும். வைக்கோல் பரப்பினால் பார்த்தீனியம் கொஞ்சம் அடங்குகிறது, கோரை அதையும் குத்திக்கொண்டு மேலே வருகிறது.

கோரையைப் பிடித்து இழுத்தால் தழை மட்டும்தான் கையோடு வரும். கிழங்கு அடியில் கறுப்பாக நிலக்கடலைப் பருப்பு அளவில் இருக்கும், அதிலிருந்து கம்பி மாதிரி ஒரு வேர் ஓடி இன்னொரு கிழங்கில் முடியும், அங்கிருந்து அடுத்தது. பிச்சித் தூருக்குள் இது பின்னிக்கிடந்தால் தண்ணீர் ஊற்றி மண்ணை இளக்கி ஒவ்வொன்றாக நோண்டித்தான் எடுக்க வேண்டும், ஒன்று தப்பினாலும் மறுபடி முளைக்கும். எங்கள் அம்மாதான் உட்கார்ந்து எடுக்கிறார். பார்த்தீனியம் பட்டு முழங்கை வரை தடித்துச் சிவந்து, ராத்திரியெல்லாம் அரிப்பில் தூக்கமில்லாமல் கிடந்துவிட்டு, விடிந்ததும் அதே கையால் பூப்பறிக்கிறார். இதைச் சொன்னதற்கு உங்கள் ஆள் ஒருவர், “களைதானே, பிடுங்கிப் போடுங்க” என்றார்.

பிடுங்கிப் போடுவது என்றால் எப்போது? பார்த்தீனியம் முளைத்து ஒரு மாதத்தில் பூத்துவிடும், ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும், பூத்த பிறகு பிடுங்கிக் கரையில் போட்டால் அது விதைப்பு. 1950-களில் புனேயில் கண்ணில் பட்ட செடி இன்று நெல்லைச் சீமை வரை வந்து நிற்பது இப்படிக் கண்டுகொள்ளாமல் விட்டதால்தான். ஊரைச் சுற்றிச் சீமைக்கருவேலம், ஆற்றில் அமலைச்செடி என்கிற ஆகாயத்தாமரை, எல்லாமே தலைக்கு மேல் போன பிறகுதான் டெண்டர் விடுகிறீர்கள். மரக்கன்று நடுவிழாவுக்கு வருகிறவர்கள் போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அந்தக் கன்றுகளைச் சுற்றி இடுப்புயரத்துக்குப் பார்த்தீனியம் நிற்பதை யார் பார்க்கிறீர்கள்?

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அந்த மண்ணை அள்ளிக்கொண்டுபோய் ஆழமான குழியில் போட்டு மூடுங்கள். கரையில் நிற்கிற பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்னால் வேரோடு பிடுங்கச் சொல்லுங்கள், பிடுங்குகிற ஆட்களுக்குக் கையுறை கொடுங்கள். அடுத்த தூர்வாரலில் எந்த வீட்டு வேலியோரமும் மண் கொட்ட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாய்க்கால் கரைத் தெருக்காரன்