அறிக்கையில் பூஜ்யம் எழுதும் தம்பிக்கு

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. "பேசாம ஊருக்கு வந்து ஏதாவது ஸ்கூல்ல வேலை பாத்துக்கலாம்னு இருக்கேண்ணே" என்று எழுதியிருக்கிறாய். வா, வராதே என்று நான் சொல்லப்போவதில்லை. அது நீயும் உன் வீட்டுக்காரியும் முழங்காலில் நின்று முடிவு செய்யவேண்டியது.

பதிலை வாட்ஸ்அப்பில் போட்டிருக்கலாம். எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதக் காரணம், உன்னைத் தாங்குகிற ஜெபக் குழுக்காரர்கள் கண்ணிலும் இது படவேண்டும் என்பதுதான். உன் கடிதத்தை நீயே ஒருமுறை படித்துப் பார். ஜார்க்கண்டில் நீ மிஷனரியாக இருக்கிற, சந்தாலி பாஷை பேசும் அந்த ஆதிவாசிக் கிராமத்தைப் பற்றி ஒரு குறைகூட நீ எழுதவில்லை. சாயங்காலம் பிள்ளைகள் சிலேட்டோடு வந்து உட்காருகிறார்கள். காசநோய்க்காரப் பெரியவர் ஆறு மாத மாத்திரையை விடாமல் சாப்பிட்டு முடித்துவிட்டு, இப்போது தன் பேரனை உன்னிடம் அனுப்புகிறார். இதையெல்லாம் எழுதும்போது உன் எழுத்தில் உற்சாகம்தான் இருக்கிறது. மாத அறிக்கைக்கு வந்ததும் தொய்ந்துபோகிறாய். சந்தித்த வீடுகள், கொடுத்த கைப்பிரதிகள், கூடின கூட்டங்கள், கடைசிக் கட்டத்தில் ஞானஸ்நானம். அந்தக் கடைசிக் கட்டத்தில் மாதாமாதம் எழுதுகிற பூஜ்யம்தான் உன்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

இப்படிப்பட்ட நேரத்தில் கன்வென்ஷன் மேடையில் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் உனக்கும் தெரியும். இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்துக்கு வந்தார், முதல் ஞானஸ்நானம் 1800 டிசம்பரில்தான். அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1813-ல் பர்மாவில் ரங்கூனில் இறங்கினார், முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819-ல். உண்மைதான். ஆனால் இந்தக் கதைகளை நாம் சொல்லுகிற விதம் எனக்குப் பிடிப்பதில்லை. "பொறுத்திருந்தார், அப்புறம் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்" என்றே முடிக்கிறோம். கூட்டம் வராமலே போயிருந்தால் அவர்களைப் பற்றி மேடையில் பேசியிருப்போமா? ஆறுதல் சொல்லும்போதும் நாம் எண்ணிக்கையை விடுவதில்லை.

அதனால் சீகன்பால்கைப் பற்றிச் சொல்கிறேன். நம் ஊர்க் கதைதான். ஜெர்மன்காரர், டென்மார்க் ராஜா அனுப்பிய மிஷனரி. 1706 ஜூலையில், அப்போது டேனியர் கையில் இருந்த தரங்கம்பாடியில் இறங்கினார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். அடுத்த வருடம் ஞானஸ்நானம் பெற்ற முதல் ஐந்து பேரும் டேனியர் வீட்டு அடிமைகள். ஊர்ப் பெரியவர்கள் மதிக்கிற கணக்கே இல்லை. 1708 கடைசியில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டதும் டேனியத் தளபதிதான், ஏறக்குறைய நாலு மாதம். அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்.

அவரை அதிகம் நோகடித்தது அவரை அனுப்பிய சொந்த அலுவலகம். நம் ஊர்த் தெய்வங்களைப் பற்றி இங்குள்ளவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு பெரிய நூல் எழுதி, 1713-ல் ஜெர்மனியில் தன்னைத் தாங்கிய ஹாலே நகரத்தாருக்கு அனுப்பினார். புறமதத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு இல்லை என்கிற ரீதியில் அங்கே ஒதுக்கிவைத்துவிட்டார்கள். அது சென்னையில் அச்சேறியது 1867-ல். அதோடு அவர் உயிரோடு இருக்கும்போதே, டென்மார்க்கின் கோபன்ஹேகனில் மிஷன் சங்கத்தின் செயலாளர் வெண்ட் எழுதிய கண்டிப்பான கடிதங்கள் வந்தன. பள்ளிக்கூடம், கட்டடம் என்று பணத்தைக் கரைப்பானேன், அப்போஸ்தலர்களைப் போல ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிக்க வேண்டியதுதானே என்பது அவர் வாதம். தரங்கம்பாடி வெயிலையும் வயிற்று நோயையும் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தபடி எடைபோட்ட வாதம் அது. ஏற்கெனவே உடம்பு நொந்திருந்த மனுஷனை அந்தக் கடிதங்கள் இன்னும் நோகடித்தன. 1719 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்கு வயது 36. சபையில் இருந்தது சில நூறு பேர். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும்தான் மொழிபெயர்த்திருந்தார். கூட இருந்த மிஷனரி கிரண்ட்லரும் அடுத்த வருடமே போய்ச் சேர்ந்தார்.

இன்றைக்குத் தமிழ் வேதாகமம் எத்தனை கோடி அச்சாகியிருக்கிறது என்று இங்கே சேர்த்தால் கதை அழகாக முடியும். சேர்க்கமாட்டேன். அவருக்கு அது எதுவும் தெரியாது. ரூத்தின் கடைசி அதிகாரத்தை எழுதும்போது அவர் கையில் இருந்தது அன்றைய வேலை மட்டும்தான்.

"உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனென்று காணப்படுவது அவனுக்கு அவசியமாம்" என்ற வசனம் உனக்கு மனப்பாடம். உக்கிராணக்காரன் என்றால் எஜமானின் பொருளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறவன். அதற்கு அடுத்த வசனத்தை நாம் அவ்வளவாகப் பிரசங்கிப்பதில்லை. நீங்கள் என்னை நியாயந்தீர்ப்பது எனக்கு மிகவும் அற்பமான காரியம் என்று கொரிந்து சபைக்கே பவுல் எழுதுகிறார். உன் நிலையில் இருப்பவனுக்கு முதல் வசனத்தைவிட இதுதான் தேவை.

ஆனால் ஒன்று, பூஜ்யத்தையே ஒரு பெருமையாக ஆக்கிக்கொண்டவர்களும் உண்டு. பாஷை கற்காமல், வீடு வீடாகப் போகாமல், "ஆண்டவர் நேரத்தில் நடக்கும்" என்று பத்து வருடம் ஓட்டியவர்களை உனக்கும் எனக்கும் தெரியும். நீ அந்த ரகம் இல்லை. இருந்தாலும் சந்தாலி பாஷை உனக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? மொழிபெயர்ப்பவர் இல்லாமல் ஒரு துக்க வீட்டில் அரைமணி நேரம் பேச முடிகிறதா? கடைசிக் கட்டத்தைவிட இந்தக் கேள்விதான் உன்னிடம் கேட்கவேண்டியது.

ஜெபக் குழுக்காரர்களே, உங்களுக்கும் ஒன்று. ஜார்க்கண்டில் 2017 முதல் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் அமலில் இருக்கிறது. எண்ணிக்கையையும் படத்தையும் கேட்டு வாங்கிப் பத்திரிகையில் போட்டால் சிக்கலில் மாட்டுவது அந்த ஊர் ஏழைகள். ஐநூறு ரூபாய் அனுப்புகிறவருக்கு ஜெபக் குறிப்பு கேட்க உரிமை உண்டு. அறுவடைக் கணக்கு கேட்க யாருக்கும் உரிமை கிடையாது என்பது என் அபிப்பிராயம். கோபம் வந்தால் எனக்குப் போன் போடுங்கள், அவனுக்குப் போடாதீர்கள்.

தம்பி, இந்த மாத அறிக்கையிலும் கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் என்றே எழுது, "விரைவில் எதிர்பார்க்கிறோம்" என்று எதையும் சேர்க்காதே. கீழே இருக்கிற காலி இடத்தில் பெரியவரின் மாத்திரை விஷயத்தைப் பேர் போடாமல் எழுது. உன் வீட்டுக்காரி இரண்டு வருஷமாக அம்மா வீட்டுக்குப் போகவில்லையாமே? மே மாதத்துக்கு இப்போதே டிக்கெட் போடு, ஸ்லீப்பர் சீக்கிரம் தீர்ந்துவிடும். பணம் நான் அனுப்புகிறேன், அதை அறிக்கையில் காட்டவேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்