தொட்டியைக் கழுவும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி என்று செய்தி வந்தால் மறுநாள் வரும் படம் பெரும்பாலும் ஒன்றுதான். தண்ணீர்த் தொட்டியை ஆட்கள் தேய்த்துக் கழுவுவார்கள். வாசலெல்லாம் பிளீச்சிங் பவுடர் கோடு. சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சாட்சியைக் கழுவி ஊற்றிவிட்டு அப்புறம் விசாரணைக்கு உட்காருகிறோம்.

ஒருமுறை ஒரு பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் சாம்பார் குண்டான் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்தாகிவிட்டது. "கலெக்டர் வர்றாருன்னாங்க சார்" என்று நடுங்கினார் சமையல் அம்மா. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆய்வக முடிவு வரும் முன்பே சமையலரைப் பணியிடை நீக்கம் செய்தால் யார்தான் மிச்சம் வைப்பார்கள்?

முதலில் எடுக்க வேண்டியது பட்டியல்: யார், எந்த வகுப்பு, என்ன சாப்பிட்டார், எங்கே தண்ணீர் குடித்தார், எத்தனை மணிக்கு முதல் வாந்தி. சாப்பிடாத பிள்ளைகளையும் கேட்க வேண்டும்; இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நச்சோ, ஆறிக் கிடந்த சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவோ இருக்கலாம். அரை நாள், ஒரு நாள் கழித்துக் காய்ச்சலோடு பேதி என்றால் சால்மோனெல்லா என்ற குடல் கிருமியை நினைக்க வேண்டும். ஸ்டெஃபைலோகாக்கஸ் நச்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. டீச்சர் ருசி பார்த்தாலும் தெரியாது.

தண்ணீர் மாதிரியைக் குளோரின் போடும் முன்பே எடுக்க வேண்டும். பாட்டிலில் குளோரினை முறிக்கும் தயோசல்பேட் உப்பு இல்லாவிட்டால், மிச்சமிருக்கும் குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்றுவிடும். ஆய்வகம் 'சுத்தம்' என்று எழுதி அனுப்பும். மல மாதிரியும் ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் முன்பு.

1996 ஜூலையில் ஜப்பானின் சகாய் நகரில் பள்ளி மதிய உணவால் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஈ.கோலை ஓ157 என்ற குடல் கிருமி தாக்கியது. மூன்று சிறுமிகள் இறந்தார்கள். சந்தேகம் முள்ளங்கி முளை மேல் விழுந்தது. ஆனால் முளையில் கிருமி பிடிபடவே இல்லை. வியாபாரம் படுத்துவிட, சுகாதார அமைச்சர் நவோதோ கான் டிவி கேமரா முன் முளையை மென்று காட்ட வேண்டியதாயிற்று. முளை வளர்த்தவர்கள் வழக்குப் போட்டு அரசிடம் இழப்பீடே வாங்கினார்கள். இன்று அங்கே பெரிய சமையற்கூடங்கள் மூலப்பொருள், சமைத்த உணவு ஒவ்வொன்றிலும் 50 கிராம் எடுத்து, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைக்கின்றன.

நம் சத்துணவுக் கூடத்துக்கெல்லாம் ஃப்ரீசர் எங்கே என்று கேட்பார்கள். நியாயம்தான். காலை உணவு, மதிய உணவு இரண்டுக்கும் மூடி போட்ட சுத்தமான டப்பாவில் மாதிரி எடுத்து, தேதி எழுதி, ஒன்றியத்தில் சில இடங்களிலாவது இதற்கென்றே ஒரு ஃப்ரீசர் வைத்துத் தொடங்கலாம். (ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசிப் பெட்டியில் திணித்துவிடாதீர்கள்!) மாதிரி எடுத்து வைத்த சமையலர் மேல் ஆய்வக முடிவுக்கு முன் நடவடிக்கை இல்லை என்று அரசு ஓர் ஆணையும் போட வேண்டும்.

– ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், தேனி