பிரஷர் என்றால் இங்கே இரண்டு அர்த்தம்

கிங்ஸ்டன், ஜமைக்கா
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கைக்கு வந்து இருபது நாள் ஆகிறது. உடனே பதில் போடாததற்குத் திட்டாதே. அண்ணனுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது என்று நீ போனில் சொன்ன அன்று எனக்குப் பேச்சே வரவில்லை. அவர் மாடிப்படி ஏறுவதையும், சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டதையும் கடிதத்தில் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. தட்டைத் தள்ளுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதென்றால் ஆள் தேறிவிட்டார்.

ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒன்று எழுதியிருந்தாய் பார், அதுதான் என்னை விடவில்லை. “அவங்க அப்பாவும் ஹார்ட்ல போனாங்க, சித்தப்பாவும் ஹார்ட்ல போனாங்க. ரத்தத்துல இருக்கறத நாம என்னட்டி செய்ய முடியும்?” பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள் நான். இதற்கு உன்னோடு கொஞ்சம் சண்டை போடலாம் என்றுதான் காபியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இருக்கிற கடை பாப்பின் பக்கம். பஸ்கள் வந்து திரும்புகிற இடம், ஒரு மார்க்கெட், கொஞ்சம் தள்ளி வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தின் மோனா வளாகம், தலையை நிமிர்த்தினால் மலை. இங்கே நோய்க்கெல்லாம் பேர் நம் ஊர் மாதிரியேதான். டயபட்டீஸ் என்று கவுண்டரில் யாரும் சொல்வதில்லை, ‘ஷுகர்’. ரத்தக் கொதிப்பு, ‘பிரஷர்’. வந்த புதிதில் ஒரு கிழவர் தனக்கு ஷுகரும் பிரஷரும் இருப்பதாகச் சொன்னபோது, பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. ஆனால் பிரஷர் என்றால் இங்கே இன்னொரு அர்த்தமும் உண்டு. வாடகை பாக்கி பிரஷர். மகனுக்கு வேலை கிடைக்காதது பிரஷர். ராத்திரி கேட்கிற துப்பாக்கிச் சத்தம் பிரஷர். “பிரஷர் ரொம்ப ஜாஸ்தி” என்று ஒருத்தி வந்து நின்றால், மெஷினை எடுப்பதா, நாற்காலியை இழுத்துப் போடுவதா என்று முதலில் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். வயது அறுபத்திரண்டு. மார்க்கெட்டில் காய் விற்கிறவர். இந்த மாதிரி வியாபாரம் செய்கிற பெண்களை இங்கே ‘ஹிக்ளர்’ என்பார்கள். யாம் கிழங்கு, கலலூ கீரை, தைம் கட்டு எல்லாம் தார்ப்பாயில் பரப்பி, நடுவில் தலையில் துணி கட்டி உட்கார்ந்திருப்பார். எப்போது பார்த்தாலும் அவருக்கு பிரஷர் 180-க்குக் குறையாது. எழுதிக் கொடுத்திருப்பது இரண்டு மாத்திரை, அதில் ஒன்று நீர் பிரிகிற மாத்திரை. மாதம் முடிந்து வரும்போது ஒரு மாத்திரை தீர்ந்திருக்கும், நீர் மாத்திரை மட்டும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். நானும் விடாமல் திட்டினேன். “மறந்துட்டேன்” என்பார். டப்பாவில் கிழமை எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அடுத்த மாதமும் அதே கதை.

ஒரு நாள் கடையில் கூட்டமில்லை. டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஞாயிறு காலி, திங்கள் காலி. மற்ற நாளெல்லாம் மாத்திரை அப்படியே இருக்கிறது. மறதி இப்படிக் கிழமை பார்த்து வருமா? மெதுவாகக் கேட்டதும் சிரித்துவிட்டார். சந்தைக்குப் போகிற நாளில் அந்த மாத்திரையைப் போட்டால் அரை மணிக்கொரு தரம் எழுந்து போக வேண்டுமாம். கடையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? போனாலும் அந்தக் கழிப்பறையில் கால் வைக்க முடியுமா? ஏட்டி, நம் அம்மாக்கள் பஸ்ஸில் ஊருக்குப் போகிற அன்று தண்ணீர் குடிக்க மாட்டார்களே, அதேதான். பத்து மாதம் அவர் ஞாபக சக்தியோடு சண்டை போட்டிருக்கிறேன். கோளாறு இருந்ததோ ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததில்.

இவருடைய வீடு ஆகஸ்ட் டவுனில். பல்கலைக்கழகத்துக்கு அடுத்தாற்போல், ஹோப் ஆற்றை ஒட்டிய பள்ளத்தாக்கில் இருக்கிற பகுதி. அதே இரண்டு மாத்திரையை அதே அளவில் வாங்குகிற ஒரு பழைய ஹெட்மாஸ்டர் மோனா ஹைட்ஸில் இருக்கிறார். நடந்து போகிற தூரந்தான். அவருக்கு 128-ஐத் தாண்டாது. விடியற்காலையில் மோனா நீர்த்தேக்கக் கரையில் நல்ல ஷூ மாட்டிக்கொண்டு நடப்பார், வந்து கிரேப்ஃப்ரூட் சாப்பிடுவார். நம் காய்க்கார அம்மா நடக்காமலா இருக்கிறார்? தலையில் கூடையோடு நாள் பூராவும் நடைதான். ஆனால் பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள் போய்விட வேண்டும். தெருவில் தகராறு நடக்கிற வாரங்களில் ஜன்னலுக்குக் கீழே தரையில் பாய் போட்டுத்தான் படுப்பாராம், குண்டு வந்தால் மேலே போய்விடும் என்று. தூங்கும்போது ஆரோக்கியமான உடம்பில் ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்கும். இரவு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிற உடம்பில் அது எங்கே இறங்கும்? 2016-ல் ஆகஸ்ட் டவுனில் ஒரு கொலைகூட நடக்கவில்லை. அந்த வருஷம் ஏழு மணிக்கு மேலும் பெண்கள் சாவகாசமாக நடந்து வந்து மருந்து வாங்கிப் போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு பழையபடி ஆகிவிட்டது.

இப்போது உன் ‘ரத்தத்துக்கு’ வருகிறேன். இங்கேயும் ரொம்ப நாள் அதைத்தான் சொன்னார்கள், கறுப்பின மக்களின் ரத்தத்திலேயே பிரஷர் இருக்கிறது என்று. 1997-ல் ஒரு ஆய்வு வந்தது. நைஜீரியா, கேமரூன், ஜமைக்கா, செயின்ட் லூசியா, பார்படோஸ், அமெரிக்கா என்று, மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளி மக்களை ஒரே முறையில் அளந்து பார்த்தார்கள். ஜமைக்காவில் ஸ்பானிஷ் டவுனில் எடுத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம் பேருக்கு பிரஷர். கரீபியனில் 26. அமெரிக்காவில் 33. பாட்டன் முப்பாட்டன் ஒரே கரையில் இருந்து கப்பல் ஏற்றப்பட்டவர்கள்தான். கரை மாற மாற எண் ஏறியிருக்கிறது. இன்றைக்கு ஜமைக்காவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு பிரஷர் என்கிறது 2016-17-ல் எடுத்த தேசியக் கணக்கு.

உனக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஒருதலைப்பட்சம் என்பாய். டிரினிடாடில் போர்ட் ஆஃப் ஸ்பெயின் ஓரத்தில் செயின்ட் ஜேம்ஸ் என்று ஒரு இடம். கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் நாட்டு ஆட்கள் குடியேறிய பகுதி, மெட்ராஸ் ஸ்ட்ரீட், கல்கத்தா ஸ்ட்ரீட் என்றே தெருப்பேர். அங்கே 1977-ல் தொடங்கி ஜனங்களை வருஷக்கணக்காகக் கவனித்தார்கள். அதே வட்டாரத்தில் வாழ்ந்தாலும் இந்திய வம்சாவளியினர் இதய நோயில் அதிகமாகச் செத்திருக்கிறார்கள். பிரஷர், ஷுகர், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் காரணம் முழுசாகப் பிடிபடவில்லை. ஆக அண்ணன் குடும்பத்து ரத்தத்துக்கும் ஒரு பங்கு இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. முழுச் சொத்தையும் அதன் பேருக்கு எழுதி வைக்காதே என்றுதான் சொல்கிறேன்.

சாப்பாட்டைக் கேள். இந்த நாட்டின் தேசிய உணவு அக்கியும் சால்ட்ஃபிஷும். அக்கி மரத்தில் காய்ப்பது, வெந்தால் முட்டைப் பொரியல் மாதிரி இருக்கும். சால்ட்ஃபிஷ் என்பது உப்பிட்டுக் காயவைத்த ‘காட்’ என்கிற மீன், நம் கருவாட்டுக்கு அண்ணன். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காட் மீன் இந்தக் கடலிலேயே கிடையாது. கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட வடக்கே இருந்து உப்பில் புதைத்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1838-ல் விடுதலை கிடைத்தது, நாக்குக்கு மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் கப்பல் இப்போதும் வேறு உருவத்தில் வருகிறது. அந்தக் காய்க்கார அம்மாவின் மகள் நியூயார்க்கில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அவள் பெற்ற இரண்டு பிள்ளைகள் இங்கே பாட்டியிடம் வளர்கிறார்கள். வருஷத்தில் இரண்டு தரம், ஒரு ஆள் உள்ளே நிற்கலாம் போல ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் அனுப்புவாள். போன கிறிஸ்துமஸுக்கு அதைத் திறக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். மேலே சோப்பு வாசனையோடு துணிகள், பள்ளிக்கூட ஷூ. அதற்குக் கீழே டின் மாட்டிறைச்சி, டின் மீன், பாக்கெட் நூடுல்ஸ், சர்க்கரை தூவிய சீரியல். அடியில் ஒரு பிரஷர் மெஷின்! அத்தனை உப்பையும் அனுப்பி, அளக்கவும் ஒன்று அனுப்பியிருக்கிறாள் மகராசி. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் பாசம் டின்னில்தான் கடல் தாண்ட முடியும். கத்தரிக்காயையா அனுப்புவாள்?

நீ கத்தரிக்காய் இங்கேயே விளையாதா என்பாய். விளையும். 2024 ஜூலையில் பெரில் புயல் தெற்குக் கரையை அடித்துப் போனது. நாட்டுக்கே காய்கறி போடுகிற செயின்ட் எலிசபெத்துக்குப் பலத்த அடி. அதற்கப்புறம் பல வாரம் அம்மாவின் தார்ப்பாயில் பாதி இடம் காலி. டின் விலை மட்டும் எந்தப் புயலுக்கும் அசைவதில்லை.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2008-லிருந்து அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது. 2019 ஜனவரியிலிருந்து சர்க்கரை அதிகமான பானங்களைப் பள்ளிக்கூடத்துக்குள் விற்கக்கூடாது. நல்ல சட்டம். கேட்டுக்கு வெளியே ஒரு ஆள் ஐஸ்பெட்டியோடு நின்று கலர் கலராக பேக் ஜூஸ் விற்கிறார், பிள்ளைகள் மூலையைப் பல்லால் கடித்து உறிஞ்சிக்கொண்டே போகிறார்கள். 2007-ல் கரீபியன் நாட்டுத் தலைவர்கள் எல்லாரும் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கூடி இந்த நோய்களுக்காகவே ஒரு பிரகடனம் செய்தார்கள். அதிலிருந்து செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை ஆரோக்கிய தினம். நாங்களும் கடை வாசலில் மேசை போட்டு இலவசமாக பிரஷர் பார்ப்போம். முதல் ஆளாக வந்து கையை நீட்டுகிறவர் யார் தெரியுமா? 128 ஹெட்மாஸ்டர். நம் அம்மாவுக்குச் சனிக்கிழமை சந்தை.

கடைசியில் அவருக்கு வழி பிறந்தது சீட்டில். இங்கேயும் சீட்டு உண்டு, தெரியுமா? ‘பார்ட்னர்’ என்று பேர். வாரா வாரம் ஆளுக்கொரு தொகை போட்டு, முறை வருகிறவர் மொத்தமாக எடுப்பது. பிடிக்கிறவருக்கு ‘பேங்கர்’ என்று பட்டம். அம்மாவோடு சந்தையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரே பார்ட்னரில் இருக்கிறார்கள். மாத்திரை விஷயம் பேங்கர் காதுக்குப் போயிருக்கிறது. விசாரித்தால் அவர்களில் நாலைந்து பேர் அதே மாத்திரையை அதே காரணத்துக்கு ஒளித்து வைத்திருக்கிறார்கள்! பேங்கர் ஒரு ஏற்பாடு செய்துவிட்டார். ஒருத்தி எழுந்து போனால் பக்கத்துத் தார்ப்பாய்க்காரி கடையைப் பார்க்க வேண்டும். எதிரே இருக்கிற சர்ச்சில் பேசி, சந்தை நாளில் அவர்கள் கழிப்பறைச் சாவியை வாங்கிக்கொண்டார். டாக்டரும் நீர் மாத்திரையைச் சாயங்காலம் வீட்டுக்குப் போன பிறகு போடும்படி மாற்றி எழுதினார். அதை நான் முதல் மாதமே கேட்டிருக்கலாம். போன வாரம் பார்த்தேன், 148. இன்னும் இறங்க வேண்டும். ராத்திரி பாய் தரையிலா கட்டிலிலா என்று நான் கேட்கவில்லை.

அண்ணன் நடக்கப் போகிறாரா? வ.உ.சி. மைதானம் உங்கள் வீட்டிலிருந்து தூரம் இல்லையே. அங்கே போகிறாரா, அல்லது வண்டிக்குப் பயந்து மொட்டை மாடியிலேயே சுற்றுகிறாரா? கூட யாராவது பேச்சுத் துணைக்கு உண்டா? ராத்திரி எப்படித் தூங்குகிறார்? கடையை மூடியதிலிருந்து அந்தக் கடன் கவலை ஓய்ந்ததா? கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று நீ எழுதிவிட்டாய், இதையெல்லாம் எழுதவில்லை. எழுது.

என்றும் உன்,
கோமதி

பி.கு.: அந்த அம்மா எனக்கு ஒரு கட்டு ‘செரசி’ கொடுத்திருக்கிறார். ஷுகர், பிரஷர், ரத்தசுத்தி எல்லாவற்றுக்கும் இங்கே இதைத்தான் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். என்னமோ அபூர்வ மூலிகை என்று பிரித்துப் பார்த்தால், நம் வீட்டு வேலியில் படர்கிற பாகற்கொடி! ஒரு மடக்கு குடித்துவிட்டு உன்னை நினைத்துக்கொண்டேன். ஹாஸ்டலில் நீ வைத்த பாகற்காய்க் குழம்பு இதற்குத் தேவலை.