நீலகிரி எழுத்தாளர், செய்தியாளர் நண்பர்கள் கூடிய பேரவையில் வாசித்த செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு தாலுகாவிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த வேலைகளை இந்த அறிக்கையில் சொல்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். விருது பெற்றவர்கள், நடுவர்கள், நன்கொடை தந்தவர்கள் பெயர்கள் உங்கள் கையில் இருக்கும் தனித்தாளில் உள்ளன. அதனால் அறிக்கைக்குள் பெயர்களைச் சேர்க்கவில்லை. அந்தத் தாளைப் பற்றிக் கடைசியில் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

ஆண்டின் தொடக்கமே தேர்தல். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. அது முடிந்த நாலாம் நாள், ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். வாக்குப்பதிவு முடிந்தாலும் நடத்தை விதிகள் அமலில் இருந்ததால் வழக்கமான அரங்கம் கிடைக்கவில்லை. குன்னூரில் ஓர் உறுப்பினர் வீட்டு முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்து நடத்தினோம். ஆளுக்கொரு புத்தகம் கொண்டுவந்து, பிடித்த ஒரு பக்கத்தை வாசித்தோம், அவ்வளவுதான். ஆனால் மேடையும் மைக்கும் இல்லாத அந்தக் கூட்டத்தில்தான் புதிய உறுப்பினர்கள் நிறையப் பேசினார்கள். இனி மாதம் ஒரு கூட்டமாவது இப்படி வீட்டில் நடக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மே 3 உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். யுனெஸ்கோ அந்த ஆண்டுக்கு எடுத்துக்கொண்ட பொருள் சுற்றுச்சூழல் நெருக்கடியும் இதழியலும். நமக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது. அந்த வாரம்தான் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் என்ற உயர்நீதிமன்ற உத்தரவு வந்திருந்தது. சீசன் கூட்டத்தை எழுதும்போது நாம் ஹோட்டல்காரர் சொல்வதையும் சுற்றுலாப் பயணி சொல்வதையும் எழுதுகிறோம், குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நிற்கிறவர் சொல்வதை எழுதுகிறோமா என்று ஒரு பெண் உறுப்பினர் கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அப்புறம் ஜூலை. ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் மலை சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தோட்டங்களுக்கும் நம் பந்தலூர், கூடலூர் தோட்டங்களுக்கும் இடையே பெண் கொடுத்து, பெண் எடுத்த சொந்தங்கள் உண்டு. நம் உறுப்பினர்கள் சிலர் சேரம்பாடி, சோலாடி, வடுவஞ்சால் வழியாக மேப்பாடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சங்கம் அவர்களுக்குச் செய்த உதவி சிறியதுதான்: ரெயின்கோட், பவர் பேங்க், பெட்ரோல் செலவு. செய்தி சேகரிக்கப் போனவர்களில் சிலர் இரண்டாம் நாள் முதல் பேனாவைப் பையில் போட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்தார்கள்.

செப்டம்பர் 11 மகாகவி நாள். பள்ளி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தோம். மாலைக் கூட்டத்தில் நம் துணைத்தலைவர் பத்திரிகையாளர் பாரதியைப் பற்றி மட்டும் பேசினார். 1904-இல் சுதேசமித்திரனில் சேர்ந்து தந்திச் செய்திகளை மொழிபெயர்த்த பாரதி, ஷெல்லிதாசன், காளிதாசன் என்று புனைபெயர்களில் எழுதிய பாரதி, பெயரே போடாமல் எழுதிய பாரதி. எது அவர் எழுத்து என்று தேடித் தொகுக்கவே பிற்காலத்தில் பலர் ஆயுளைச் செலவிட வேண்டியிருந்தது. 'இந்தியா' இதழில் ஆசிரியர் என்று பதிவாகியிருந்தவர் சீனிவாசன். 1908-இல் வழக்கு வந்தபோது சிறைக்குப் போனவரும் அவர்தான். எழுதியவர் ஒருவர், ஏட்டில் இருக்கும் பெயர் ஒருவர். இந்தப் பேச்சு அடுத்த மாதமே நமக்குத் தேவைப்பட்டது.

நம் சங்கம் ஆண்டுதோறும் சிறந்த செய்திக்கு விருது தருகிறது. விதி 4 என்ன சொல்கிறது? "எழுதியவர் பெயருடன் வெளியான செய்தியாக இருத்தல் வேண்டும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பைலைன், அதாவது செய்தியோடு அச்சாகும் எழுதியவர் பெயர், யாருக்குக் கிடைக்கிறது? பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில் உள்ள முழுநேர நிருபருக்கு. தாலுகா நிருபர் அனுப்புவது ஊர்ப் பெயரோடு, அல்லது 'நமது நிருபர்' என்று போகும். எத்தனை செய்தி வந்ததோ அதற்கான காசு வரும், தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துத் தரச் சொல்லி போன் வரும், பெயர் வராது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் பத்திரிகைத் தொழிலை முதன்மைத் தொழிலாகக் கொண்டவரைத்தான் உழைக்கும் பத்திரிகையாளர் என்றது. பகலில் செல்போன் கடை வைத்து, இரவில் செய்தி அனுப்புகிறவர் அந்தச் சொல்லுக்குள் அடங்குவதில்லை. நம் விதி 4-க்குள்ளும் அடங்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக நாம் அதைக் கவனிக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

செப்டம்பர் கடைசியில் பந்தலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கவர் வந்தது. வயநாடு நிலச்சரிவு பற்றிய ஐந்து கட்டிங். எதிலும் பெயர் இல்லை. கூடவே ஒரு டைரி. மழையில் நனைந்து, காய்ந்து, முறுக்கிக்கொண்டு மூட முடியாமல் இருந்தது. அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று பத்தி: பெயர், எந்தப் பாடி (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), கடைசியாகப் போனில் பேசிய நேரம். நம் பக்கத்திலிருந்து அங்கே வேலைக்குப் போனவர்கள், அங்கே கட்டிக்கொடுத்த பெண்கள். சொந்தக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. சில பெயருக்கு நேரே டிக், சில பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. மை ஊறி எழுத்து பரவிய இடங்களில் அதே பெயரை மேலே மறுபடி எழுதியிருந்தார். அச்சில் வந்த செய்தியில் இவ்வளவும் ஒரே எண்ணிக்கையாக, ஒரு வரியில் இருந்தது.

விதிப்படி அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். செயற்குழு இரண்டு முறை கூடியது. பெயர் வேண்டாம் என்று திறந்துவிட்டால் நாளைக்கு ஒரே செய்தியை இரண்டு பேர் என்னுடையது என்று கொண்டுவருவார்கள், அப்போது என்ன செய்வீர்கள் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். கேள்வி சரியானது. அதற்குப் பதில் தேடித்தான் இரண்டாம் கூட்டம். செய்திக் குறிப்பு எழுதிய நோட்டு, அலுவலகத்துக்கு அனுப்பிய வாட்ஸ்அப் நகலில் உள்ள நேரம், செய்தியில் பேசியவர்களில் இரண்டு பேரை நடுவர் நேரில் சந்தித்துக் கேட்பது என்று மூன்று சான்றுகள் முடிவாயின. நடுவர் ஒருவர் பந்தலூருக்கே போய்க் கேட்டு வந்தார்.

நவம்பர் 16 தேசியப் பத்திரிகை நாள். இந்திய பத்திரிகை கவுன்சில் 1966-இல் அந்த நாளில்தான் இயங்கத் தொடங்கியது. ஊட்டியில் விருது விழா. சனிக்கிழமை என்பதால் நல்ல கூட்டம். விருது வாங்க வந்தவரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னோம். "எனக்குப் பேச வராதுங்க" என்றவர், டைரியைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். கொடுத்தோம். டிக் போடாத பெயர்களை மட்டும் வாசித்தார். மூன்றாவது பெயருக்கு முன்வரிசையில் ஒருவர் எழுந்தார், பிறகு அரங்கம் முழுக்க எழுந்தது. வாசித்து முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. அவர் சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினார், கடைசி கூடலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இதற்கு முன்பு, அக்டோபர் 20 ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் நடந்த கூட்டத்தையும் சொல்ல வேண்டும். சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தானது. அறுபது ஆண்டு நிறைவு. அன்றைய தேதி தீபாவளிக்கு முந்தின நாளாகப் போனதால் முன்கூட்டியே வைத்தோம். இலங்கை மலையகத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று இரண்டு அரசும் மேசையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்ட ஒப்பந்தம். தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், பிறகு அரசுத் தேயிலைத் தோட்டம் என்று வந்த குடும்பங்கள் நம் மாவட்டம் முழுக்க இருக்கின்றன. நாம் இத்தனை ஆண்டில் அவர்களை மேடைக்கு அழைத்துக் கேட்டது இதுவே முதல் தடவை.

பேசியவர்களில் ஒரு அம்மா, கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர், மளிகைக் கடை மஞ்சள் பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தார். பேத்தியின் பழைய கணக்கு நோட்டு. எழுதாமல் விட்ட பக்கங்களில் பால்பாயிண்ட் பேனாவால் தன் கதையை எழுதியிருந்தார். நம் சங்க மலருக்குத் தட்டச்சு செய்து தர மூன்று உறுப்பினர்கள் அதைப் பிரித்துக்கொண்டார்கள். 'பெரட்டு' என்ற சொல் நம் வாசகருக்குப் புரியாது, 'காலை ஆஜர்' என்று மாற்றலாமா என்று போனில் கேட்டோம். "பெரட்டுன்னா பெரட்டுதான் தம்பி, நீங்க ஆஜர்னு போட்டா அது எங்கம்மா நின்ன எடம் இல்ல" என்றார். அப்படியே விட்டோம். மட்டக்கம்பு, கவ்வாத்து, றாத்தல் என்ற தோட்டச் சொற்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இன்னொன்றும் சொன்னார். வரும் வழியில் எங்கோ ஒரு பதிவேட்டில் அவர் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள். ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் இன்றுவரை அந்தத் தப்புப் பெயர்தான். மலரில் அவர் அப்பா வைத்த பெயரைப் போட்டோம். முதல் படைப்புக்கான நம் விருதும் அந்தப் பெயருக்கே போயிருக்கிறது.

மலரைப் பற்றி ஒரு குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். 61-ஆம் பக்கக் கவிதையில் எழுதியவர் பெயர் விடுபட்டுவிட்டது. அச்சகத்தார் மேல் தப்பில்லை. கடைசி மெய்ப்பு பார்த்தது நான். புத்தகக் கட்டு கோவையிலிருந்து வந்து இறங்கிய மாலையில்தான் கண்ணில் பட்டது. சிறிய ஸ்டிக்கர் அடித்து, ஐந்து பேர் இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டினோம். மறுநாள் குன்னூரில் அந்தக் கவிஞர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்தார், பிரதியை வாங்கி 61-ஆம் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். இந்தப் பேரவையிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜனவரி 29 இந்தியச் செய்தித்தாள் நாள். 1780-இல் இந்தியாவின் முதல் செய்தித்தாளான ஹிக்கியின் வங்காள கெஜட் வெளிவந்த நாள். இந்த ஆண்டு எழுதுகிறவர் யாருக்கும் மாலை போடாமல், குன்னூரில் நாற்பது ஆண்டுக்கு மேலாகப் பேப்பர் ஏஜென்சி நடத்தும் பெரியவரைக் கௌரவித்தோம். கோவையில் அச்சாகிற பேப்பர் கல்லாறு, பர்லியார் ஏறி விடிவதற்குள் வர வேண்டும். மரம் விழுந்தாலும் மண் சரிந்தாலும் வண்டி கோத்தகிரி சுற்றி வரும். எத்தனை மணிக்கு வந்தாலும் அவர் பஸ் நிலையத்துத் தெருவிளக்கு வெளிச்சத்தில் குந்தி உட்கார்ந்து இணைப்பிதழை உள்ளே செருகிக்கொண்டிருப்பார். விரல் நுனிகள் கறுத்தே போயிருந்தன. பட்டயத்தை வாங்கும் முன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 21 தாய்மொழி நாள் கூட்டத்தில் படகர், தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் இளைஞர்கள் தத்தம் மொழியில் பேசினார்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்த பழங்குடிகள் என்று அரசு வகுத்த ஆறும் நம் மாவட்டத்தில் வாழ்கின்றன. தோட மொழியின் ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்ட முயன்ற ஒரு மாணவி, கரும்பலகையில் மூன்று தடவை அழித்து அழித்து எழுதி, "இது பக்கத்துல வருது, ஆனா இது இல்ல" என்றார். 1930-களில் மொழியியலாளர் எமனோ இங்கே வந்து தங்கிக் கோத்தர் கதைகளையும் தோடர் பாடல்களையும் எழுதி எடுத்தார். இனி அந்த வேலையைப் பேசுகிறவர்களே செய்யட்டும். அவர்கள் மொழியில் எழுதப்படும் கதைக்கும் கட்டுரைக்கும் அடுத்த ஆண்டு முதல் தனி விருது தரலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. நடுவர்கள் அந்தந்த மொழிக்காரர்களாகவே இருக்க வேண்டும்.

ஆண்டுக்குள் நாம் இழந்த மூத்த உறுப்பினர் இருவருக்கும் நம் அஞ்சலி. அவர்கள் விட்டுச்சென்ற கட்டிங் ஆல்பங்களைக் குடும்பத்தார் சங்கத்துக்குத் தந்திருக்கிறார்கள். பூஞ்சை பிடிக்காமல் காக்க ஒரு இரும்பு பீரோ வேண்டும். உதவ முடிந்தவர்கள் பொருளாளரிடம் சொல்லுங்கள்.

பேரவையின் ஒப்புதலுக்கு இரண்டு விஷயங்கள். ஒன்று, விதி 4-இல் "எழுதியவர் பெயருடன் வெளியான செய்தி" என்பதை எடுத்துவிட்டு, நான் முன்பு சொன்ன மூன்று சான்றுகளைச் சேர்ப்பது. இரண்டு, அங்கீகார அட்டை இல்லாத தாலுகா நிருபர்களுக்குச் சங்கம் புகைப்படத்தோடு அறிமுகக் கடிதம் தருவது, விபத்துக் காப்பீட்டுப் பிரீமியத்தில் பாதியைச் சங்கமே கட்டுவது. இது நமக்குச் சுமைதான். யானை ஊருக்குள் வந்த இரவிலும் மண் சரிந்த காலையிலும் முதலில் போய் நிற்கிறவர்கள் அவர்கள்தான் என்பதை நினைத்து முடிவெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தலைவர் தீர்மானத்தை அவையில் வைக்கும் முன், கையில் உள்ள தனித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்களை ஒவ்வொன்றாக, ஊரோடு வாசிக்கப்போகிறேன். எழுத்துப்பிழையோ உச்சரிப்புப் பிழையோ இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்துங்கள், உடனே பேனாவால் மாற்றிக்கொள்கிறேன். பந்தலூரிலிருந்து தொடங்குகிறேன்.