இரு பிராசசர் சர்வரில் மெமரி முழுவதையும் ஒரே பக்கம் செருகியது குறித்துப் புகார்

அனுப்புநர்: அனிமேஷன் தயாரிப்புக் குழு, சாட்ஸ்வர்த், டர்பன்
பெறுநர்: விற்பனை மேலாளர் அவர்கள், டர்பன் கிளை

ஐயா,

உங்களிடம் வாங்கிய சர்வரில் இரண்டு ஜியான் கோல்டு 6130 பிராசசர்கள் உள்ளன. கொட்டேஷனில் 16 ஜிபி டிம் (ஸ்லாட்டில் செருகும் மெமரி அட்டை) 12, பிராசசருக்கு ஆறு என்று எழுதியிருந்தது. வந்ததோ 32 ஜிபி டிம் ஆறு. ஆறும் முதல் பிராசசர் பக்கத்தில். இரண்டாவதன் ஸ்லாட்டுகள் அத்தனையும் காலி. எப்படிக் கூட்டினாலும் 192 ஜிபி வருகிறது என்பதால் "கணக்கு சரிதானே" என்கிறார் உங்கள் சர்வீஸ் பொறியாளர்.

இந்த பிராசசர் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஆறு மெமரி சேனல், அதாவது டேட்டா போய்வரும் தனித்தனிப் பாதைகள் உண்டு. டிடிஆர்4-2666 டிம் போட்டால் சேனலுக்கு விநாடிக்கு 21.3 ஜிபி, ஆறுக்கும் 128. இரு பிராசசருக்கும் சேர்த்து 256. அதில் பாதி எங்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவது பிராசசரின் 16 கோர்களும் கேஷில் (பிராசசருக்குள் இருக்கும் சிறு நினைவகம்) இல்லாத எதற்கும் இரு பிராசசர்களையும் இணைக்கும் யூ.பி.ஐ. இணைப்பைத் தாண்டி முதலாவதிடம் போக வேண்டியிருக்கிறது. ஓர் இணைப்பில் ஒரு திசைக்கு 20.8 ஜிபிதான், தாமதமும் கூடுதல். போதாததற்கு அதே ஆறு சேனலுக்கு 32 கோர்களும் முட்டி மோதுகின்றன. பழைய ஜியான்கள் ஃப்ரண்ட் சைடு பஸ் என்ற வெளிப்பாதை வழியாக, மெமரியை நிர்வகிக்கும் ஒரே கன்ட்ரோலரிடம் காத்துக் கிடந்த அதே நெரிசல். அதைத் தீர்க்கத்தான் ஏஎம்டி 2003இல் ஆப்டெரானிலும், இன்டெல் 2009இல் ஜியான் 5500 வரிசையிலும் கன்ட்ரோலரைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுவந்தன.

எந்த நோடில் (ஒரு பிராசசரும் அதன் சொந்த மெமரியும்) எவ்வளவு மெமரி என்று காட்டும் நியூமா சிடிஎல் கட்டளையை லினக்ஸில் கொடுத்துப் பாருங்கள்: நோடு 1, அதாவது இரண்டாவது பிராசசர் பக்கம், அளவு 0 எம்பி. மெமரி வேகத்தை அளக்கும் ஸ்ட்ரீம் சோதனையில் 16 கோருக்கும் 32 கோருக்கும் ஏறக்குறைய ஒரே வேகம்.

பயாஸில் நோடு இன்டர்லீவிங், அதாவது இரு நோடுகளின் மெமரியையும் மாற்றி மாற்றிக் கலந்து பயன்படுத்தும் வசதியைப் போடச் சொன்னார் உங்கள் பொறியாளர். மெமரி இருப்பதே ஒரு நோடில். எதோடு எதைக் கலப்பது? இன்னும் வேகமான பிராசசர் வாங்கினாலும் டேட்டா வரும் வேகம் கூடாது, காசுதான் வீண். இருக்கும் டிம்களை மூன்று மூன்றாகப் பிரித்துப் போடுவது அவசரத்துக்கு உதவும். ஆனால் பக்கத்துக்கு மூன்று சேனல் சும்மா கிடக்கும்.

ஆகவே கொட்டேஷன்படி ஒரே வகை 16 ஜிபி ஆர்டிம் (சர்வர் வகை டிம்) 12 அனுப்பி, ஒவ்வொரு சேனலின் முதல் ஸ்லாட்டிலும் ஒன்றாகப் போட்டுத் தாருங்கள். இன்டர்லீவிங் அணைந்தே இருக்கட்டும். இரு நோடும் தலா சுமார் 96 ஜிபி காட்ட வேண்டும். ஸ்ட்ரீம் வேகம் இரட்டிப்பை நெருங்க வேண்டும். எங்கள் முன்னால் ஓட்டிக் காட்டிய பிறகே கையெழுத்திடுவோம்.

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பினால் பழுதுநீக்கமா, மாற்றா, பணமா என்று தீர்மானிப்பது வாங்கியவர். 14 நாட்களுக்குள் டிம்கள் வராவிட்டால் சர்வரைத் திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேட்போம்.

இப்படிக்கு,
தொழில்நுட்பப் பொறுப்பாளர்கள்