எங்கள் அம்மாவின் பெயரை அடிப்பதற்கு முன்

சர்க்கரை நோயாளிகளுக்கான நடைச் செயலியைத் திருமங்கலம் பக்கத்து ஊர்களில் சோதித்துவரும் குழுவினருக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். என் அம்மா மூன்று வாரமாகச் செயலியைத் திறக்கவில்லையாம். 'ஒத்துழைக்காதவர்' என்று குறித்துப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கப்போகிறீர்களாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மடல்.

அம்மாவுக்கு 58 வயது. மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிறார். மொட்டு விரிவதற்குள் பறித்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டும் என்பதால், விடியற்காலை 4 மணிக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். 9 மணி வரை குனிந்தபடியே செடி செடியாக நகர்வார். மடி முழுக்க மொட்டு. சேலையில் பை கிடையாது. பிறகு போன் எங்கே இருக்கும்? வீட்டில், என் தங்கை மகன் கையில் இருக்கும்.

தோட்டத்தில் நடந்த நடையெல்லாம் உங்கள் கணக்கில் பூஜ்யம். 'வெகுநேரம் அமர்ந்தே இருக்கிறீர்கள், சற்று எழுந்து நடக்கலாமே!' என்று எட்டரை மணிக்குச் செய்தி வருகிறது. அதைப் படித்துச் சிரித்தவன் ஒன்பது வயதுப் பையன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் போனை டவுசர் பையில் போட்டுக்கொண்டு விளையாடப் போய்விட்டான். அன்றைக்கு அம்மா 11,000 அடி நடந்ததாகப் பதக்கம் வந்தது. உங்கள் ஆய்வில் அது வெற்றியாக ஏறியிருந்தால் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். பதக்கம் பையனுடையது.

செயலி வைக்கிற பத்தாயிரம் அடி இலக்கும் எந்த மருத்துவரும் எழுதித் தந்த சீட்டு அல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிறந்தது. உங்களுக்குத் தெரியாததா?

ஆறு மணிக்குத் தோட்டக்காரர் தூக்குவாளியில் டீ அனுப்புவார். அம்மா முதுகை நிமிர்த்துவது அந்தப் பத்து நிமிடம்தான். 'இனிப்பில்லாத பானத்தைத் தேர்ந்தெடுங்கள்' என்கிறது செயலி. இருபது பேருக்கு ஒரே வாளியில் வருகிற டீயில் எதைத் தேர்ந்தெடுப்பது? அதற்கு மறுநாள் கினோவா என்ற வெளிநாட்டுத் தானியத்தில் உப்புமா செய்முறை வந்தது. வீட்டில் கேப்பையும் குதிரைவாலியும் இருக்க, கினோவாவுக்கு எந்தக் கடைக்குப் போவது என்று அம்மா கேட்டார். போகட்டும், கோபத்தில் எங்கேயோ போகிறேன்.

போன் வழியாகப் பழக்கத்தை மாற்ற முடியாது என்று நான் சொல்லவரவில்லை. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 537 பேரை வைத்துத் தென்னிந்தியாவில் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. இரண்டு ஆண்டுகள் வெறும் குறுஞ்செய்திதான் அனுப்பினார்கள். செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. பதக்கமும் இல்லை, பட்டாசும் இல்லை. ஆனால் அந்த 537 பேரும் ஆண்கள். சட்டையில் பை உள்ளவர்கள்.

ஆகவே கேட்கிறேன்: அம்மாவின் பெயரை அடிக்காதீர்கள். இடையில் விட்டவர்களையும் கணக்கில் வைத்து, ஏன் விட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். தோற்கும் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புக்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டு நூறு சதவீதத் தேர்ச்சி என்று தட்டி வைக்கும் பள்ளிக்கூடங்களை நாம் பார்த்ததில்லையா? சோதிக்கப்படுவது உங்கள் செயலி. என் அம்மா அல்ல.

அடுத்த பதிப்பை வரையுமுன் உங்களில் ஒருவராவது ஒரு நாள் விடியலில் தோட்டத்துக்கு வாருங்கள். கேள்வித்தாள் வேண்டாம், கூடவே நின்று பார்த்தால் போதும். பேருந்து அந்நேரத்துக்குக் கிடையாது. முந்தின இரவே வந்தால் எங்கள் வீட்டில் தங்கலாம். டார்ச் விளக்கு ஒன்று எடுத்து வாருங்கள், வரப்பில் பாம்பு உண்டு.

இப்படிக்கு,
'ஒத்துழைக்காதவர்' மகள்,
மதுரை